எங்களுக்கு எட்டுகிற உயரம்

பம்பாய்க்குப் போகப்போகிறேன் என்று சொன்னதும் ராசம்மா கையிலிருந்த சாக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “ஏன் அக்கா, எங்கட ஊரில குப்பை முடிஞ்சு போச்சோ?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் யாட்டில் பிளேன் ஏறி வெளிநாடு போகிற முதல் ஆள் நான். அந்த மரியாதையை முதலில் தரட்டும், பிறகு சிரிக்கட்டும் என்று நின்றேன்.

யாட் என்றால் எங்கள் பிரதேச சபை குப்பை பிரிக்கிற இடம். இலங்கையின் வடக்கே, கடலேரிக் கரையில் ஒரு தகரக் கொட்டில். ட்ராக்டர் கொண்டுவந்து கொட்டும். நாங்கள் பதினொரு பெண்கள் குந்தியிருந்து பிரிப்போம்: மக்குவது ஒரு பக்கம், போத்தல் ஒரு பக்கம், பொலித்தீன் ஒரு பக்கம். அந்தப் பதினொன்றில் ஒருத்தி நான், பொறுப்பும் நான். பெயர் பரமேஸ்வரி. எழுத்து எனக்குக் கையெழுத்துப் போடுகிற அளவும் பஸ் பலகை வாசிக்கிற அளவும்தான். இதை நான் சொல்லச் சொல்ல என் பெறாமகள், தங்கச்சியின் பிள்ளை, எழுதினாள். அவள் வடிவாக்கப் பார்த்த இடங்களில் நான் விடவில்லை.

போன காரணம் இதுதான். ஒரு குளிர் நாட்டின் திட்டம் எங்கள் சபைக்கு ஒரு மெஷின் தருவதாக இருந்தது. பெல்ட் ஓடுமாம், குப்பை அதன்மேல் போகுமாம். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சிவரூபன் (எல்லோரும் ரீ.ஓ. என்போம்) படம் கொண்டுவந்து காட்டினார். வழுவழு தாள், கலர்ப் படம். மெஷின் நீளமாக, பச்சை நிறத்தில் கிடந்தது. பக்கத்தில் ஆள் ஒருவரும் இல்லை. எங்களுக்குப் பயம் வந்தது அந்தப் படத்தில்தான். மெஷினைக் கண்டல்ல, ஆள் இல்லாததைக் கண்டு.

ஆனால் அந்தத் திட்டக்காரரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வேலை செய்கிறவர்கள் சம்மதிக்காமல் மெஷின் வராது. “இதே மாதிரி ஒன்று பம்பாயிலும் கொடுத்திருக்கிறோம். உங்கள் ஆள் ஒருவர் வந்து பார்க்கட்டும். கடைசி நாள் கூட்டத்தில் ஓம் என்றோ இல்லை என்றோ அவரே சொல்லட்டும்” என்றார்கள். அந்த ஆள் நான்.

வெளிக்கிடுகிற அன்று ராசம்மா என் கையைப் பிடித்தாள். புருசன் இல்லாமல் மூன்று பிள்ளைகளை அந்தக் கொட்டிலில் இருந்துதான் வளர்க்கிறாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

“அக்கா, வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. எனக்குச் சீலை ஒண்டும் வாங்கிவர வேண்டாம். அது மட்டும் காணும்.”

“சொல்லுறன்” என்றேன். அது வாக்கு. அதோடுதான் பிளேன் ஏறினேன்.

விடிய இறங்கி வெளியே வந்தால் வீதி நிறையச் சனம். நல்லூர்த் தேருக்குத்தான் நான் அப்படிச் சனம் பார்த்திருக்கிறேன். “என்ன திருவிழா தம்பி?” என்று ரீ.ஓ.வைக் கேட்டேன். சபைக்குள் அவர் ஐயா, வெளியே எனக்குத் தம்பி. என் மகனுக்கு இளையவர்.

“திருவிழா இல்லையம்மா. வேலைக்குப் போகினம்.”

வேலைக்குப் போகிற சனமே இவ்வளவு என்றால் இவர்கள் ஒரு நாளில் எறிகிற குப்பை எவ்வளவு? என் புத்தி அப்படித்தான் போகும். சிலருக்கு ஊரைப் பார்த்தால் கோயில் தெரியும், கடை தெரியும். எனக்குக் குப்பை தெரியும்.

எங்களை மாட்டுங்காவில் ஒரு விடுதியில் இறக்கினார்கள். நான், ரீ.ஓ. தம்பி, திட்டத்து ஹன்னா மிஸ். ஹன்னா மிஸ் நல்ல பிள்ளை, ஆனால் பனை உயரம். விடுதி வாசல் நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வந்தா. கீழே வீதியில் மல்லிகை கட்டுகிறார்கள், வாழையிலை விற்கிறார்கள், கோப்பி மணக்கிறது, பலகைகளில் தமிழ் எழுத்து. கடல் தாண்டி வந்து கனகாம்பரத்துக்குத் தமிழில் விலை கேட்டேன். குறைக்கவில்லை. அதிலும் ஊர் மாதிரித்தான்.

காலைச் சாப்பாட்டுக்கடையில் இட்டலி பஞ்சு மாதிரி. சாம்பார்தான் கொஞ்சம் இனித்தது. “சம்பல் இருக்கோ தம்பி?” என்று பரிமாறுகிறவரைக் கேட்டேன்.

“சட்னி இருக்கு மாமி.”

“நான் உனக்கு எப்ப மகளைத் தந்தனான், மாமியெண்டு கூப்பிட?”

அந்தப் பையன் பயந்துபோய் இரண்டாம் தரம் சட்னி ஊற்றினான். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் வயதான பெண்களை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் போகும்போது அவனுக்குத் தலையசைத்துவிட்டுப் போனேன்.

விடுதிக்காரம்மா மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவ. சமையலறை வாசலில் இரண்டு வாளி வைத்திருந்தா. “ஈரம் இதிலே, உலர்ந்தது அதிலே. கலந்து வெச்சேள்னா வண்டிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்” என்றா. நான் மூடியைத் திறந்து பார்த்தேன். ஈரத்துக்குள் ஒரு பால் பை கிடந்தது. எடுத்து மற்றதில் போட்டேன். அவ முகம் சிவந்துவிட்டது. “அது எங்காத்துக்காரர் வேலை” என்றா. எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வார்கள்.

இரண்டாம் நாள் செம்பூருக்குப் போக வேண்டும். அங்கேதான் மெஷின். திட்டத்து வாகனத்துக்கு ஏதோ பழுது. ஹன்னா மிஸ் முன்னமே போய்விட்டா. தம்பி ரயிலில் போவோம் என்றார். குர்லாவில் இறங்கி வேறு ரயில் மாற வேண்டும், நீங்கள் பெண்கள் பெட்டியில் ஏறுங்கள், நான் பக்கத்துப் பெட்டியில் வருகிறேன், குர்லாவில் இறங்குங்கள் என்று மூன்று தரம் சொன்னார். எனக்குச் சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்கிறாரே என்று கோபம்.

ஏறுவதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. பின்னால் நின்றவர்கள் ஏற்றிவிட்டார்கள். உள்ளே பெண்கள் நெருப்புப்பெட்டிக் குச்சி மாதிரி நின்றார்கள். அதற்குள்ளும் ஒருத்தி மடியில் பையை வைத்து மல்லித்தழை ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்டை ஜன்னலால் எறிவாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எறியவில்லை. ஒரு சின்னப் பையில் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்தாள். அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டுக்கொண்டு நின்றதில் குர்லா வந்தது, போனது.

“எங்க எறங்கணும் உங்களுக்கு?” மல்லித்தழைக்காரி தமிழ்தான். பாண்டுப்பில் வீடாம்.

“குர்லா.”

“ஐயோ, குர்லா போயிருச்சே! முன்னாடியே வாசல்கிட்ட வந்து நிக்கணும்ல. இங்க டேசன் வந்தப்புறம் எழுந்திருச்சா, அடுத்த டேசன்தான்.”

என் கழுத்தில் திட்டத்து அட்டை தொங்கியது. அதில் தம்பியின் நம்பர். தன் போனிலிருந்து அவளே எடுத்தாள். “சார், உங்கம்மா எங்ககூட பத்திரமா இருக்காங்க. காட்கோபர்ல எறக்கி விடுதோம், வந்து கூட்டிட்டுப் போங்க.” பிறகு பெட்டிக்குள் இந்தியில் ஏதோ சத்தம் போட்டாள். நாலைந்து பெண்கள் என்னைச் சுற்றி வந்தார்கள். “பயப்படாதீங்க, நாங்க தள்ளுவோம்” என்றாள்.

தள்ளினார்கள். என் செருப்பும் நானும் ஒன்றாக இறங்கியது கடவுள் செயல். திரும்பிப் பார்த்தால் ரயில் போகிறது, ஐந்தாறு கைகள் ஆடுகின்றன. பெயர்கூடக் கேட்கவில்லை. உதவி என்றால் எங்கள் ஊரில் கையைப் பிடித்து இறக்குவார்கள். இங்கே முதுகில் தள்ளுகிறார்கள். இரண்டும் உதவிதான்.

தம்பி வேர்த்து வழிந்து வந்து சேரும்வரை ஸ்ரேசன் கடையில் நின்றேன். பாணுக்குள் வடையை வைத்து, வடாபாவ் என்று தந்தார்கள். பாணும் தின்றிருக்கிறேன், வடையும் தின்றிருக்கிறேன், இரண்டுக்கும் கல்யாணம் கட்டி வைக்கலாம் என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அரைக் கிளாஸ் தேத்தண்ணியும் தந்தார்கள். அரைதான் கணக்காம். தம்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் வாயைத் திறக்க விடவில்லை. “உமக்கும் ஒண்டு வாங்கினனான், சாப்பிடும்” என்றேன்.

அங்கிருந்து ஓட்டோவில் செம்பூர்.

குப்பை பிரிக்கிற மையத்தின் வாசலில் இறங்கியதும் வந்த மணம் ஒன்றுதான் அந்த நாலு நாளில் எனக்கு அந்நியமாக இல்லாதது. மூக்குக்குச் சொந்த ஊர். ஆனால் கண்ணுக்கு? எங்கள் பட்டினம் கனநாளாகச் சேர்த்துப் போடுகிறதை ஒரு லொறி வந்து ஒரே தரத்தில் கொட்டியது. அதற்குப் பின்னால் இன்னொரு லொறி. அதற்குப் பின்னால் வீதி முடிவுவரை லொறிகள். நான் கும்பிட்டேன். சும்மா சொல்லவில்லை, கை தானாகக் கூடிவிட்டது. கடலைப் பார்த்துக் கும்பிடுவதில்லையா, அப்படி.

உள்ளே பெல்ட் ஓடியது.

படத்தில் பார்த்த அதே பச்சை. ஆனால் படத்தில் இல்லாதது இங்கே இருந்தது: இரண்டு பக்கமும் பெண்கள். வரிசையாக நின்று, வருகிறதை எடுத்து எடுத்துப் பின்னால் உள்ள கூடைகளில் போட்டார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் பை கிழிக்கிற சின்ன இரும்புக் கொக்கி. கை போகிற வேகத்துக்குக் கண் போகவில்லை.

பிறகுதான் கால்களைப் பார்த்தேன். ஒருத்தியும் தரையில் நிற்கவில்லை. ஒவ்வொருத்தியும் ஒரு பலகைமேல் நின்றாள். ஒன்று தடித்த பலகை, ஒன்று மெல்லியது, ஒன்று இரண்டு பலகையை அடித்து ஒட்டியது. ஒன்றுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தது. ஒன்றில் சிலுவை கீறியிருந்தது.

வரிசையின் கடைசியில் நின்றவ, நான் தம்பியோடு கதைத்ததைக் கேட்டு என்னைப் பார்த்துச் சிரித்தா. ஐம்பது வயதிருக்கும், மூக்குத்தி இரண்டு பக்கமும்.

“எக்கா, மலையாளமா?”

“தமிழ்தான். இலங்கை.”

“யாத்தாடி! கடல் தாண்டிக் குப்பை பாக்கவா வந்திய?”

ராசம்மா கேட்ட அதே கேள்வி. எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. பெயர் இசக்கியம்மாள். தாய் தகப்பன் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள், இவள் பிறந்தது தாராவியில். அந்த வரிசைக்கு இவள்தான் பொறுப்பு. எனக்குச் சமமானவள் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

“இதென்ன பலகை?” என்று கேட்டேன்.

“அத ஏன் கேக்கிய? மெஷின் குடுத்த நாட்டுல பொம்பளைய எல்லாம் பனமரம் கணக்கா இருப்பாவ போல. பெல்ட்டு எங்களுக்கு நெஞ்சு வரைக்கும் நின்னுச்சு. மொத நாளு பூரா பள்ளிக்கூடத்துல முட்டி போடச் சொன்ன மாதிரி கையைத் தூக்கிட்டே நின்னோம். ஆபீசுல சொன்னோம். எழுதிப் போட்டிருக்கோம்னாவ. எழுதுனது எங்கன போய்ச் சேந்துச்சோ! பெறவு அவவ அவ உசரத்துக்குப் பலகை அடிச்சுக்கிட்டோம். ஒருத்தி பலகைல இன்னொருத்தி ஏற மாட்டா. புருசன் மாதிரி.”

வரிசை முழுக்கச் சிரித்தது. கை மட்டும் நிற்கவில்லை. ஹன்னா மிஸ் என்ன சிரிப்பு என்று கேட்டா. தம்பி மொழிபெயர்த்தார். அவ தன் கால்களையும் அவர்கள் கால்களையும் மாறி மாறிப் பார்த்தா. சிரிக்கவில்லை.

அன்று ஒருத்தி லீவு. அவள் பலகை சும்மா கிடந்தது. “ஏறிப் பாருங்கக்கா, அவ வந்தா நான் சமாளிச்சிக்கிடுதேன்” என்றாள் இசக்கி. கையுறை தந்தாள். ஏறினேன்.

இதை எப்படிச் சொல்வது? இத்தனை வருசமாக நான் குப்பையிடம் போயிருக்கிறேன். குனிந்து, குந்தி, முழங்காலில் இழுபட்டு. அன்றைக்குக் குப்பை என்னிடம் வந்தது. இடுப்பு உயரத்தில், மரியாதையாக, முன்னால் வந்து நின்று, என்னை எடு என்பதுபோல் போனது. முதுகு நேராக நின்றது. மூச்சு நெஞ்சுக்குள் முழுதாகப் போனது. ஒரு மணித்தியாலம் நின்றேன். நின்றது தெரியவில்லை.

ஆனால் ஒரு கண்ணாடிப் போத்தல் உடைந்து சரசரவென்று வந்தபோது பயந்துபோனேன். எங்கள் யாட்டில் குப்பை காத்திருக்கும். இது காத்திராது. அப்போது இசக்கி பக்கத்தில் தூணில் இருந்த ஒரு சிவப்பு பட்டனை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தப் பெரிய மெஷின், லொறி லொறியாகக் கொட்டுகிறதை இழுத்துக்கொண்டு ஓடினது, ஒரு தட்டில் நின்றது. கொட்டகை முழுக்க அமைதி. வெளியே காகம் கத்துவது கேட்டது. கண்ணாடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். பிறகு இன்னொரு பட்டன், மறுபடி ஓட்டம்.

விமானத்தைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை. அந்தக் கையைப் பார்த்துத்தான் மலைத்தேன்.

மூன்றாம் நாள் இசக்கிக்கு லீவு. வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டிருந்தாள். தம்பியும் நானும் தாராவிக்குப் போனோம். ஒழுங்கைகள் எங்கள் வீட்டுக் கதவு அகலம். தலைக்கு மேலே வயர், காலுக்குக் கீழே தண்ணீர், பக்கத்தில் மெஷின் சத்தம், அதற்குள் ஒரு பிள்ளை சத்தமாகப் பாடம் படிக்கிறது. கூரைமேல் எல்லாம் பிளாஸ்டிக் மூட்டைகள். ஒரு வீட்டில் எண்ணெய் டின்னைத் தட்டி நிமிர்த்துகிறார்கள். ஒரு கடையில் போத்தல் மூடிகள் மட்டும். மூடியைத் தவிர வேறு ஒன்றும் வாங்கமாட்டாராம். எங்கள் யாட்டில் ஒருவரும் கேட்காத மூடி! “இவர் மூடிலயே மூணு பொண்ணக் கட்டிக் குடுத்துட்டாரு” என்றாள் இசக்கி. நான் அந்த மனிசனை நின்று பார்த்தேன். அவர் என்னைக் குப்பை கொண்டுவந்தவள் என்று நினைத்து, சாக்கு எங்கே என்று கையால் கேட்டார்.

இரும்பு ஏணியில் ஏறி மேல்வீடு. ஒரே அறை, துடைத்து வைத்த கண்ணாடி மாதிரிச் சுத்தம். வாழையிலை போட்டு, தேங்காய்ப்பாலில் காய்கறி போட்ட குழம்பு ஊற்றினாள்.

“சொதி” என்றாள்.

“எங்கட ஊரிலயும் சொதிதான்! ஆனா இவ்வளவு காய் போடமாட்டம். இடியப்பத்துக்கு ஒவ்வொரு நாளும் வைப்பம்.”

“தெனமுமா? எங்கள்ல கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்குத்தான் சொதி வைப்பாவ. அப்பம் ஒங்க ஊர்ல தெனமும் கல்யாணமா?”

“கல்யாணம் ஒருக்காத்தான். சொதிதான் ஒவ்வொரு நாளும்.”

“நல்ல ஊரு. கல்யாணம் முடிஞ்சாலும் சொதி மிச்சம்.”

தம்பிக்குச் சிரித்துப் புரையேறியது.

சாப்பிட்டு முடியும்போது இசக்கியின் அண்ணன் மனைவி வந்தாள். பூமாரி. வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். இசக்கி, “காட்டு மைனி, இவுக நம்மாளுதான்” என்றாள். உள்ளங்கையில் கீழிருந்து மேலே ஒரு தையல் வடு. இரண்டு விரல் மடங்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னாள். முதலில் அந்தச் சிவப்பு பட்டன் வரிசையில் இல்லை. மாடியில் கண்ணாடி அறைக்குள், ஒரு ஆளின் கையில் இருந்தது. லொறி சேரச் சேர அவர் வேகத்தைக் கூட்டுவார். கீழே நிறுத்து நிறுத்து என்று கத்தினால் கண்ணாடிக்கு அப்பால் கேட்காது. ஒரு நாள் கண்ணாடித் துண்டு வந்தது, பூமாரி கத்தினாள், பெல்ட் போய்க்கொண்டே இருந்தது.

“மறுநா காலம்பற வந்தோம்” என்றாள் இசக்கி. “எல்லாரும் அவவ பலகைய எடுத்துக் கீழ போட்டு, அதுலயே உக்காந்தோம். ஒரு வார்த்தை பேசல. மெஷின் ஓடுச்சு. குப்பை அதுபாட்டுக்குப் போயி அந்தப் பக்கம் விழுந்துச்சு. கை இல்லாட்டி அது வெறும் ரோடுதானக்கா, குப்பைக்கு ரோடு. மத்தியானத்துக்குள்ள லாரி மெயின் ரோடு வரைக்கும் நின்னுட்டு. வெயில் வேற. நாத்தம் தாங்காம பெரிய ஆபீசர் எல்லாம் மூக்கப் பொத்திட்டு வந்தாவ. சாயங்காலம் பட்டனும் வயரும் கீழ எறங்கிட்டு.”

“வேலையால ஆரையும் நிப்பாட்டினவையோ? மெஷின் வந்த பிறகு?” எனக்கு இதுதான் தெரிய வேண்டும்.

இசக்கி என் இலையை மடித்து எடுத்தாள். “ஆளக் கொறைக்கல. ஆனா பொய் சொல்ல மாட்டேன், முன்ன இருந்ததுக்கு ரெண்டு பங்கு குப்பை வருது, ஆளு அதே ஆளு. மைனிதான் பெறவு வரல.”

பூமாரி முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு, “நீங்க பலகைல நின்னீகளாமே. முதுகு எப்படி இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“நல்லா இருந்தது” என்றேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

“எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள் பூமாரி.

அன்று திரும்பி வரும் வழி முழுக்க எனக்குள் இழுபறிதான். என் முதுகு ஓம் என்றது. என் வாய் இல்லை என்று சொல்ல வாக்குக் கொடுத்திருக்கிறது.

நாலாம் நாள் காலை, இட்டலிக்கு முன்னால் தம்பி கை கூப்பினார். “அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். நீங்கள் வேண்டாமெண்டா அடுத்த சபைக்குக் குடுத்திடுவினம். பிறகு எங்களுக்கு இந்தச் சென்மத்தில கிடையாது.”

“நான் என்ன சொல்லப்போறன் எண்டு எனக்கே இன்னும் தெரியாது தம்பி. நீர் சாப்பிடும்.”

கூட்டம் செம்பூர் மையத்து மாடியில். அந்தக் கண்ணாடி அறைதான். இப்போது கூட்ட அறையாக்கி, சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். மாநகராட்சி ஆட்கள் மூன்று பேர், ஹன்னா மிஸ், தம்பி, நான். இசக்கியும் இருக்க வேண்டும் என்று கேட்டேன். கொக்கியை இடுப்பில் செருகியபடியே ஏறிவந்து கதவோரம் நின்றாள். உட்காரக் கதிரை காட்டினேன். இருந்தாள்.

ஹன்னா மிஸ் கேட்டதைத் தம்பி தமிழில் சொன்னார்: “பார்த்திட்டீங்கள். ஓமா, இல்லையா?”

“கொஞ்சம் பொறுங்கோ. முதல்ல ஊருக்கு ஒரு போன் கோல் எடுக்க வேணும்.”

ஒரு அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். பார்க்கட்டும். வாக்கைக் கொடுத்தவள் அதை மாற்றுவதென்றால் வாங்கினவளிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். தம்பி தன் போனில் வீடியோவாக எடுத்துத் தந்தார். யாட்டில் பத்துப் பேரும் ஒரு போனுக்குள் முகத்தைத் திணித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ராசம்மா.

“சொல்லிட்டியளோ அக்கா?”

“இன்னும் இல்லை. ராசம்மா, நான் அந்த மெஷினில ஒரு மணித்தியாலம் வேலை செய்தனான். நிண்டு.”

“நிண்டோ?”

“நிண்டு. நிமிர்ந்து.”

பத்து முகமும் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு ராசம்மாவின் முகம் கிட்ட வந்தது. “எங்களை வித்துப்போட்டியளோ அக்கா?”

அந்தக் கேள்வி என்னைக் குத்தியது. நான் போனைத் திருப்பி ஹன்னா மிஸ்ஸின் முகத்துக்கு நேரே பிடித்தேன். “எத்தினை பேரை வைச்சிருப்பியள்? எனக்குச் சொல்லாதேங்கோ. அவளுக்குச் சொல்லுங்கோ.”

ஹன்னா மிஸ் தம்பியைப் பார்க்காமல் போனைப் பார்த்துச் சொன்னா. தம்பி பின்னால் நின்று தமிழாக்கினார்: பதினொரு பேரும் இருப்பார்கள், சபை அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் தராமல் மெஷின் கப்பல் ஏறாது. “தம்பி, சபைக்காக நீர் சொல்லும்” என்றேன். தம்பி போனுக்கு முன்னால் வந்தார். “சபைத் தவிசாளரிட்ட நான் கையெழுத்து வாங்கித் தாறன்” என்றார். இத்தனை நாளில் அவர் எங்களுக்காக வாய் திறந்தது அன்றுதான்.

ராசம்மா விடவில்லை.

“அது ஓடுமெண்டுதானே சொன்னியள். ஓடுறதை ஆர் நிப்பாட்டுறது? நிப்பாட்டுற பட்டன் ஆரிட்ட இருக்கும்?”

நான் அவளுக்குப் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பூமாரியின் கையைப் பற்றிச் சொல்லவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டிலில் நின்றுகொண்டு, மெஷினைக் கண்ணால் காணாமல் கேட்கிறாள். இசக்கி கதிரையை விட்டு எழும்பி வந்து போனுக்குள் தலையை நீட்டினாள்.

“ஏ தங்கச்சி! அதத்தான் மொதல்ல கேக்கணும்! ஒங்க கையில குடுக்கச் சொல்லு, இல்லாட்டி வேண்டாம்னு சொல்லு!”

“ஆரக்கா இது?” என்றாள் ராசம்மா.

“எங்கட ஆள்தான்” என்றேன்.

பட்டன் வரிசையில்தான் இருக்கும் என்று ஹன்னா மிஸ் எழுதிக்கொண்டா. நான் சும்மா இருக்கவில்லை. “இன்னும் ஒண்டு. நீங்கள் தந்த படத்தில மெஷின் இருக்கு, ஆள் இல்லை. அதுதான் பிழை. முதல்ல ஆளைக் கீறுங்கோ, பிறகு பக்கத்தில மெஷினைக் கீறுங்கோ. இங்க மாதிரிப் பலகை அடிக்க எங்கட ஊரில பலகை சரியான விலை.”

தம்பி அதை அப்படியே சொன்னாரோ, கூட்டிக் குறைத்தாரோ தெரியாது. ஹன்னா மிஸ் எழுந்து கண்ணாடி வழியாகக் கீழே பெல்ட்டையும் பலகைகளையும் பார்த்துக்கொண்டு நின்றா. திரும்பி, “என்ன உயரம் வேண்டும்?” என்று கேட்டா.

எனக்கு என்ன தெரியும்? போனில் சொன்னேன்: “பிள்ளையள், கரித்துண்டு எடுங்கோ. சுவரோட நிண்டு அவையவையின்ர இடுப்புக்கு நேரே கோடு போடுங்கோ.”

அங்கே ஒரே கூச்சல். போன் ஆடுகிறது, தகரம் தெரிகிறது, கால் தெரிகிறது, “வயித்தை எக்காதை, நேரா நில்லடி” என்று சத்தம் கேட்கிறது. பிறகு கொட்டிலுக்குப் பக்கத்துக் களஞ்சியச் சுவர் தெரிந்தது. கறுப்புக் கோடுகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே ராசம்மாவின் கோடு. அதற்குப் பக்கத்தில் அவள் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “எனக்கும் எட்ட வேணும். சொல்லுங்கோ.”

மாநகராட்சிக்காரர் மூவரும் எழுந்து வந்து போனைப் பார்த்தார்கள். தம்பி எண்ணினார்.

“பத்துத்தானே அம்மா இருக்கு?”

பதினோராவது நான் அல்லவா? எழுந்து போய் அந்த வெள்ளைச் சுவரோடு முதுகை வைத்து நின்றேன். தம்பி மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தார். “அது அழிஞ்சிரும் சார்” என்று சொல்லிக்கொண்டே இசக்கி இடுப்பிலிருந்து கொக்கியை எடுத்தாள். ஒரு அதிகாரி “அரே, அரே!” என்று ஓடி வருவதற்குள் என் இடுப்புக்கு நேரே ஒரே இழுவையாக இழுத்தாள். சுண்ணாம்பு என் சீலையில் உதிர்ந்தது.

“ஓம்” என்றேன் நான். ஹன்னா மிஸ்ஸுக்கு அதைத் தம்பி மொழிபெயர்க்க வேண்டி இருக்கவில்லை.

பம்பாயிலிருந்து ராசம்மாவுக்கு ஒரு சீலை வாங்கிவந்தேன், வேண்டாம் என்றவளுக்கு. மெஷின் வரும்போது ஒத்துப் பார்க்க, எங்கள் களஞ்சியச் சுவரில் அந்தப் பத்துக் கோடுகளையும் மழைச் சாரல் கழுவாமல் தகரம் சாத்தி வைத்திருக்கிறோம். செம்பூரில் என் கோட்டுக்கு மேல் இதற்குள் வெள்ளை அடித்திருப்பார்கள். அடிக்கட்டும். கொக்கியால் கீறினது. அந்த இடத்தில் கை வைத்துத் தடவினால் தட்டுப்படும்.